‘இன்ஸ்ட்ரக்ட்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு ஓர் அகராதியை அளந்தபோது

அகராதி வாங்குபவர்களில் பலர் முதலில் அதன் பருமனைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைப் பார்க்கிறார்கள். நான் ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்ற வினைச்சொல் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். கற்பிப்பதையும் பணிப்பதையும் ஒரே வாயால் சொல்லும் அந்தச் சொல்லை ஓர் அகராதி எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்துவிட்டால், மற்ற சொற்களை அது எப்படிக் கையாளும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தலைகுனிவிலிருந்து வந்தது.

மதுரையில் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், ஆங்கிலத்தில் இருந்த ஒரு வக்கீல் நோட்டீஸைத் தமிழாக்கும்படி என்னிடம் கொடுத்தார்கள். ‘அண்டர் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் ஃப்ரம் மை கிளையண்ட்’ என்று அது தொடங்கியது. பேருந்து நிலையத்தில் வாங்கிய ஒரு கையடக்க அகராதியைப் புரட்டினேன். வினைச்சொல்லுக்கு எதிரே ‘கற்பி, கட்டளையிடு, தெரிவி’ என்று மூன்று சொற்கள் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு நின்றன. எது எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. நோட்டீஸில் கற்பிக்கும் பேச்சே இல்லை என்பதால் இரண்டாவதைத் தேர்ந்து, ‘எனது கட்சிக்காரரின் கட்டளைப்படி’ என்று எழுதிக் கொடுத்தேன். மூத்த வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டு, “கட்சிக்காரர் எனக்குக் கட்டளை போட்டார்னா, நான் என்ன அவர் வீட்டு எடுபிடியா, தம்பி?” என்று கேட்டார். பிறகு அவரே அந்த வரியை அடித்து, ‘எனது கட்சிக்காரர் அளித்த விவரங்களின்பேரிலும் அறிவுறுத்தலின்பேரிலும்’ என்று திருத்தினார். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்களை அவர் போட்டதன் காரணம் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது என் மேசைமேல் இருப்பது 2020-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லெர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பத்தாம் பதிப்பு. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதி இது. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே தொகுக்கப்படுவது. இணையத்தில் இதன் சொற்பொருள் பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகள் இரண்டையும் அங்கே கேட்கலாம். ‘இன்ஸ்ட்ரக்ட்’டில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது என்பதை எழுத்தில் படிப்பதைவிட ஒருமுறை காதால் கேட்பதே நல்லது. நம்மில் பலர் முதல் அசையை அழுத்தி, ஈற்றில் ஓர் உகரத்தையும் சேர்த்துவிடுகிறோம்.

சொல்லுக்கு இந்த அகராதி நான்கு பொருள்களைத் தருகிறது. அலுவல் முறையில் ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்வது முதலில் வருகிறது. ஒருவருக்கு ஒன்றை, சிறப்பாகச் செய்முறைத் திறன் ஒன்றைக் கற்பிப்பது அடுத்தது. பெரும்பாலும் செயப்பாட்டு வினையாக வந்து ஒரு தகவலைத் தெரிவிப்பது மூன்றாவது. சட்டத் துறையில், தனக்காக வழக்காட ஒருவரை அமர்த்திக்கொள்வது நான்காவது. கற்பித்தலை முதலில் வைத்திருக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் பள்ளியைவிட அலுவலகத்திலும் நீதிமன்றத்திலுமே மிகுதியாகப் புழங்குகிறது என்பதால், வரிசையில் எனக்குக் குறை தெரியவில்லை.

என் மூன்று சொல் அகராதியிலும் ஏறக்குறைய இதே பொருள்கள்தான் இருந்தன. வேறுபாடு அடுத்த அடுக்கில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளின் கீழும் அந்த வினை எந்தெந்த உறுப்புகளோடு சேர்ந்து வாக்கியமாகும் என்ற அமைப்பை இந்த அகராதி தடித்த எழுத்தில் காட்டுகிறது. பணித்தல் என்ற பொருளில் வினையை அடுத்து ஆள், அதை அடுத்து ‘டு’வோடு செயல். ஆளுக்குப் பின் ‘எங்கே’, ‘என்ன’ என்று தொடங்கும் துணைவாக்கியமும் வரலாம். ஆளே இல்லாமல் ‘தட்’ என்று தொடங்கும் வாக்கியமும் வரலாம். கற்பித்தல் என்ற பொருளில் ஆளுக்குப் பின் ‘இன்’ வந்து, அதன் பின் பாடம். தகவல் என்ற பொருளில் ஆளுக்குப் பின் ‘தட்’.

தமிழர்களுக்கு இந்த அமைப்புகளே மிக இன்றியமையாதவை. ‘அறிவுறுத்து’ என்ற நம் வினை நான்காம் வேற்றுமையை ஏற்கிறது. ‘மேலாளர் எனக்கு அறிவுறுத்தினார்’ என்கிறோம். அந்தக் ‘கு’ உருபைக் கையோடு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் ‘ஹி இன்ஸ்ட்ரக்டட் டு மீ’ என்ற பிழை பிறக்கிறது. ஆங்கிலத்தில் அறிவுறுத்தப்படுபவர் நேரடிச் செயப்படுபொருள். அவருக்கும் வினைக்கும் நடுவில் எந்த இடைச்சொல்லும் நிற்க இடமில்லை. நான் திருத்தும் மொழிபெயர்ப்புகளில் அர்த்தப் பிழைகளைவிட இந்த உருபுப் பிழைகளே அதிகம். இணைச்சொற்களை மட்டும் வரிசைப்படுத்தும் அகராதியால் இதைத் தடுக்கவே முடியாது. அது சொல்லைக் கொடுத்துவிடும், சொல் நிற்கும் இடத்தைக் கொடுக்காது.

இந்த அமைப்புகள் அகராதிக்குள் வந்த கதை சுவையானது. இதன் முதல் தொகுப்பாளரான ஏ. எஸ். ஹார்ன்பி, 1920-களில் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இரு துணைவர்களோடு அவர் உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில்தான் முதலில் அச்சாயிற்று. போர் அவரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் வெளியிட்டது. வினையைக் கடைசியில் வைப்பதும், பெயருக்குப் பின்னால் உருபைச் சேர்ப்பதும் ஜப்பானிய மொழியின் இயல்பு, நம்முடையதும் அதுவே. அப்படிப்பட்ட மாணவர்களுக்குக் கற்பித்தவர் ஆங்கில வினைகளின் அமைப்பை 25 வகைகளாகப் பகுத்துக் காட்ட முனைந்ததில் வியப்பில்லை. பழைய பதிப்புகளில் அந்த வகைகள் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாக இருந்தன. ஒவ்வொரு முறையும் முன்பக்கத்து விளக்கத்துக்கு ஓடவேண்டும், எத்தனை பேர் ஓடியிருப்பார்களோ. இப்போது அமைப்பே வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றம்.

இதே வேலையை வேறொரு வழியில் செய்வது, ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட். ‘நீங்கள் ஒருவரை இன்ஸ்ட்ரக்ட் செய்தால்’ என்று பொருளையே முழு வாக்கியமாகத் தொடங்கி, அதற்குள்ளேயே ஆளையும் செயலையும் அவரவர் இடத்தில் அது நிறுத்திவிடும். இலக்கணக் குறிப்பு என்றாலே அஞ்சும் மாணவர்களுக்கு அதையே சொல்வேன். விரைவாகப் பார்த்து விரைவாக எழுதவேண்டிய என் போன்றவர்களுக்கு அந்த நீண்ட வாக்கியங்கள் சற்று நேரம் பிடிக்கின்றன.

இனி, நெருங்கிய சொற்களைப் பிரித்துக்காட்டுவதில் ஆக்ஸ்ஃபோர்டின் திறமை. ‘ஆர்டர்’ என்ற பதிவில் ஒரு தனிக் கட்டம் இருக்கிறது. ஆர்டர், டெல், இன்ஸ்ட்ரக்ட், டைரக்ட், கமாண்ட் ஆகிய ஐந்தையும் அருகருகே வைத்து, எது எவ்வளவு முறைசார்ந்தது, யார் வாயில் வருவது என்று அது சொல்கிறது. நம் செய்தித்தாள்களைப் படித்துப் பழகியவர்கள் இந்தக் கட்டத்தை எளிதில் உணர்வார்கள். ‘அதிகாரிகளுக்கு ஆட்சியர் அறிவுறுத்தல்’ என்ற தலைப்புக்கும் ‘ஆட்சியர் உத்தரவு’ என்ற தலைப்புக்கும் இடையே உள்ள தூரத்தை நாம் சொல்லிக்கொடுக்காமலே அறிவோம். உத்தரவு மீறப்பட்டால் நடவடிக்கை வரும். அறிவுறுத்தல் மீறப்பட்டால் இன்னோர் அறிவுறுத்தல் வரும்.

‘டைரக்ட்’டுக்கு வரும்போது நீதிமன்றம் மீண்டும் குறுக்கிடுகிறது. பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படும் நடுவர் குழுவுக்கு (ஜூரிக்கு) நீதிபதி சட்டத்தை எடுத்துரைப்பதை இங்கிலாந்தில் ‘டைரக்ட்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்பார்கள். நடுவர் குழு முறை நம் நாட்டிலும் இருந்த காலத்தில் இங்கிலாந்து வழக்கே இங்கும் நிலவியது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான கொலை வழக்கில் நடுவர் குழுவுக்கு நீதிபதி தவறாக எடுத்துரைத்தார் என்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ‘மிஸ்டைரக்‌ஷன்’ என்றே குறித்தது. 1961-இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது. தமிழில் அந்த ‘டைரக்ட்’டுக்கு ‘இயக்கு’ என்று எழுதினால் நீதிபதி திரைப்படம் எடுப்பதுபோல் ஆகிவிடும். ‘வழிகாட்டு’ என்றால் அதிகாரம் குறைந்துவிடும். ‘சட்ட நிலையை விளக்கிப் பணித்தார்’ என்று சுற்றி வளைப்பதே எனக்குக் கைவந்த வழி.

இரண்டாவது பொருளில், ‘சிறப்பாகச் செய்முறைத் திறனை’ என்று அகராதி சேர்த்திருக்கும் சிறு தொடரை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. ‘டீச்’சும் ‘இன்ஸ்ட்ரக்ட்’டும் பிரியும் இடம் அதுவே. நம் நாட்டுச் சட்டத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கணிதத்துக்கும் மொழிக்கும் சமூக அறிவியலுக்கும் ‘டீச்சர்’ வேண்டும் என்கிறது. மாணவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டும்போது கலைக் கல்விக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழில் சார்ந்த கல்விக்கும் பகுதிநேர ‘இன்ஸ்ட்ரக்டர்’ போதும் என்கிறது. கையையும் காலையும் பழக்குபவர் ஒரு பெயரையும், நூலை விளக்குபவர் வேறொரு பெயரையும் பெறுகிறார்கள். தமிழில் முன்னவரைப் ‘பயிற்றுநர்’ என்கிறோம். ஓட்டுநர் பள்ளியிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இருப்பவரும் பயிற்றுநரே. பெயரின் ஏற்றத்தாழ்வு ஊதியத்திலும் இறங்கிவிடுவதால், இது வெறும் அகராதி நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பெயர்ச்சொல்லான ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ இந்த எல்லைக்குள் அடங்குவதில்லை. அரசியலமைப்பின் 350ஏ உறுப்பு தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிக் கற்பித்தலைப் பற்றிப் பேசும்போது இதே சொல்லைத்தான் ஆள்கிறது. அங்கே அது எல்லாப் பாடங்களுக்கும் பொது. ‘மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதை நாம் ‘பயிற்றுமொழி’ என்று அழகாகத் தமிழாக்கிவிட்டோம். 28-ஆம் உறுப்பில், அரசு நிதியில் மட்டுமே நடக்கும் கல்வி நிறுவனங்களில் கூடாது என்று தடுக்கப்படும் ‘ரிலிஜியஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ இன்னும் வேறு. சமயங்களைப் பற்றி அறிந்துகொள்வதை அது தடுக்கவில்லை, ஒரு சமயத்தின் வழிபாட்டையும் கோட்பாட்டையும் ஊட்டுவதையே தடுக்கிறது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அங்கே ‘சமயப் போதனை’ என்பதே பொருந்தும், ‘சமயக் கல்வி’ என்று எழுதிவிட்டால் தீர்ப்பின் முதுகெலும்பே முறிந்துவிடும். பொதுப் பயன்பாட்டு அகராதி ஒன்றிடம் இந்த அளவு நுட்பத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆயினும், சட்டத் தமிழாக்கத்துக்கு இது ஒன்றே போதும் என்று யாராவது நினைத்தால் அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும்.

அதுபோலவே, நம் உயர் நீதிமன்றத்தில் நாள்தோறும் காதில் விழும் ஒரு வழக்கு இதன் நான்காவது பொருளில் முழுமையாக அகப்படுவதில்லை. மனு விசாரணைக்கு வரும்போது அரசு வழக்கறிஞர் எழுந்து, ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ பெற்றுச் சொல்வதற்கு அவகாசம் கேட்பார். அவர் ஏற்கெனவே அமர்த்தப்பட்டவர். ஆகவே அமர்த்துதல் என்ற பொருள் இங்கே இல்லை. துறை அதிகாரி அவருக்குக் கட்டளையிடவும் இல்லை, பாடம் நடத்தவும் இல்லை. கோப்பில் என்ன இருக்கிறது, துறையின் நிலைப்பாடு என்ன, எதை ஒப்புக்கொள்ளலாம், எதை மறுக்கவேண்டும் என்ற விவரங்களையே அவர் கேட்டுப் பெறுகிறார். சட்டம் அறியாத கட்சிக்காரர் சட்டம் அறிந்தவரை ‘இன்ஸ்ட்ரக்ட்’ செய்கிறார் என்பது முதலில் தலைகீழாகத் தோன்றும். சட்டம் தெரிந்தவருக்கும் கட்சிக்காரரின் கதை தெரியாது, அவருடைய விருப்பமும் தெரியாது. அந்த இரண்டையும் கொடுத்தால்தான் அவரால் வாய்திறக்க முடியும். மூத்த வழக்கறிஞர் என் வரியை அடித்துவிட்டு ‘விவரங்களின்பேரிலும் அறிவுறுத்தலின்பேரிலும்’ என்று இரண்டு சொற்களைப் போட்டது இதனால்தான். ஒன்று கதையைக் குறித்தது, மற்றொன்று விருப்பத்தை.

கற்பித்தல், பணித்தல், தெரிவித்தல், வழக்கறிஞரை அமர்த்துதல் என்று நான்கு திசைகளில் ஓடும் இந்தப் பொருள்களை எது கட்டிப் பிடித்திருக்கிறது? விடையை அகராதியின் இணையப் பதிப்பே ஒரு மூலையில் வைத்திருக்கிறது. சொற்பிறப்பு என்ற இடத்தைத் தொட்டால், லத்தீனில் ‘ஸ்ட்ரூயெரே’ என்பது அடுக்குதல், கட்டுதல் என்று விரிகிறது. ‘ஸ்ட்ரக்சர்’, ‘கன்ஸ்ட்ரக்ட்’ ஆகியவை அதே வேரின் கிளைகள். முன்னொட்டோடு சேர்ந்த ‘இன்ஸ்ட்ரூயெரே’ படையை அணிவகுப்பது, தேவையானவற்றைக் கொடுத்து ஆயத்தப்படுத்துவது என்ற பொருள்களையும் லத்தீனில் தாங்கியது. ஒருவர் செயலில் இறங்குவதற்கு எது வேண்டுமோ அதை அவருக்குள் அடுக்கிவைப்பது என்று கொண்டால், நான்கு திசைகளும் ஒரே முற்றத்தில் வந்து கூடிவிடுகின்றன. மாணவருக்குத் திறன், ஊழியருக்குப் பணி, பயணிக்குத் தகவல், வழக்கறிஞருக்குக் கதை. இந்தப் பகுதியைத் திறந்து பார்க்காமல் பொருளை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம் என்பது என் வருத்தம். அதைச் சற்று வெளிச்சத்தில் வைத்திருக்கலாம்.

தமிழிலும் இதற்கு நிகரான ஒரு பார்வை உண்டு. கற்பித்தலை நன்னூல் ‘ஈதல்’ என்றே வகுக்கிறது. கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உளம் கொள்ளுமாறு நூலைக் கொடுப்பதே ஆசிரியர் செயல் என்கிறார் பவணந்தியார். ‘அறிவுறுத்து’ என்ற சொல்லைப் பிரித்தாலும் அறிவை உறச் செய்தல், அதாவது சென்று சேரச் செய்தல் என்றே வருகிறது. இன்றைய பேச்சில் ‘உறுத்து’ என்றால் கண்ணில் தூசி விழுந்ததுபோல் துன்புறுத்துவது என்றாகிவிட்டது. சில மேலதிகாரிகளின் சுற்றறிக்கைகளைப் படிக்கும்போது இரண்டு பொருளும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

தமிழ்நாட்டையும் இலங்கையையும் ஒருங்கே கருதினால் சிக்கல் இன்னும் சுவையாகிறது. நம் பொதுத்தேர்வு வினாத்தாளில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்ற தலைப்புக்கு எதிரே ‘அறிவுரைகள்’ என்று அச்சிடுகிறார்கள். நீலம் அல்லது கருப்பு மையினை மட்டுமே பயன்படுத்தவேண்டும் என்பது அறிவுரையா என்று நான் பள்ளி நாட்களிலேயே ஐயுற்றதுண்டு. இலங்கையில் ‘அறிவுறுத்தல்கள்’ என்பதே வழக்கு, அது மூலத்துக்கு இன்னும் நெருக்கம். நாம் பயிற்றுநர் என்பவரை அங்கே போதனாசிரியர் என்பார்கள். விவசாயப் போதனாசிரியர் என்ற பதவிப்பெயரை முதன்முதலில் படித்தபோது, வயல்வரப்பில் நின்று யாரோ பிரசங்கம் செய்வதாகக் கற்பனை செய்துகொண்டேன். யாழ்ப்பாணத்துப் போதனா வைத்தியசாலை என்ற பெயரில், நம்மிடம் சமய மேடையோடு ஒட்டிக்கொண்ட அதே சொல், மருத்துவக் கல்வியைச் சுமந்துகொண்டு எந்த உறுத்தலுமின்றி நிற்கிறது.

ஆகவே யாருக்கு இந்த அகராதியைப் பரிந்துரைப்பேன் என்றால், ஆங்கிலத்தில் எழுதவேண்டிய கட்டாயம் உள்ள அனைவருக்கும். கல்லூரி மாணவருக்கும் அலுவலகக் கடிதம் எழுதுபவருக்கும் இணையப் பதிப்பே போதும், அச்சுப் படிக்குச் செலவிடத் தேவையில்லை. ஆங்கிலத்தை இனிமேல்தான் தொடங்கப்போகிறவருக்கு, ஆங்கிலத்திலேயே விளக்கம் சொல்லும் எந்த அகராதியும் முதல் சில மாதங்கள் பூட்டிய வீடாகவே இருக்கும். அவர் ஒரு நல்ல ஆங்கில–தமிழ் அகராதியோடு தொடங்குவதே முறை. சென்னைப் பல்கலைக்கழகம் சிதம்பரநாதன் செட்டியாரின் தலைமையில் தொகுத்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் வயதானது என்றாலும், தமிழ்ச் சொற்களின் வளத்துக்காக நான் இன்றும் திறப்பது அதையே. சொல்லை அங்கே எடுத்து, அது நிற்கும் இடத்தை இங்கே பார்த்துக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டும் வேண்டும், பக்கத்தில் ஒரு பென்சிலும் வேண்டும்.

என் அச்சுப் படியில் அந்தப் பதிவின் ஓரத்தில், நான்காம் பொருளுக்கு நேரே ‘அரசு வழக்கறிஞர் — விவரம் பெறுதல்’ என்றும், முதல் பொருளுக்கு நேரே ‘கு உருபு இல்லை’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குச் சற்றுக் கீழே, கட்சிக்காரரின் கட்டளைப்படி நடக்காத அந்த மூத்த வழக்கறிஞரின் திருத்தமும் இருக்கிறது.